அமைதிக்குக் கூலி கொடுப்பவர் யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி, சாமளாபுரம்)

போர் மூளும்போது அதற்குப் பணம் எங்கே என்று எந்த அரசும் கேட்பதில்லை. கஜானா காலியாக இருந்தாலும் கடன் வாங்கியாவது பீரங்கி வாங்குவார்கள். போர் ஓய்ந்த பூமியில் அமைதியைக் காக்க வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் உலக நாடுகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதற்கு இவ்வளவு செலவா?" என்று வினவுகின்றன. விந்தையிலும் விந்தை அன்றோ இது!

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து ஒரு செய்தி வந்தது. உலகில் ஒன்பது இடங்களில் பணியிலிருக்கும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமைதி காக்கும் படையினரில் நான்கில் ஒரு பங்கினரை, அதாவது 13,000 முதல் 14,000 பேரை, ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்பதே அந்தச் செய்தி. அங்கெல்லாம் சண்டை தீர்ந்துவிட்டதா? இல்லை. பணம் தீர்ந்துவிட்டது!

இதைப் படித்துவிட்டு நாம் பக்கத்தைத் திருப்பிவிடலாம். நொய்யல் கரைக்கும் நைல் நதிக் கரைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு என்பதும், அந்த உறவின் கணக்கை நம் போன்ற கல்லூரி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதுமே என் கருத்து. அளந்து பார்க்காமல் எதையும் சொல்லாதே என்பது ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். ஆகவே உணர்ச்சிக்கு முன்னால் கணக்கை வைக்கிறேன்.

அமைதிப்படை பிறந்த கதை

1945ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ஐ.நா. சபை பிறந்தது. அதன் சாசனத்தை முதலிலிருந்து முடிவு வரை படித்தாலும் "அமைதி காக்கும் படை" என்ற சொல்லைக் காண முடியாது. நாடுகள் தம் படைகளைப் பாதுகாப்புச் சபையிடம் ஒப்படைக்கும், அந்தப் படை ஆக்கிரமிப்பாளரை அடக்கும் என்றுதான் சாசனத்தின் 43ஆவது விதி எண்ணியது. வல்லரசுகளின் பனிப்போரில் அந்த விதி ஏட்டுச் சுரைக்காயாகப் போயிற்று.

தேவை பிறந்தபோது வழியும் பிறந்தது. 1948 மே மாதம் பாலஸ்தீனப் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க முதல் பார்வையாளர் குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே காஷ்மீரில் இரண்டாவது குழு வந்தது. 1956இல் சூயஸ் கால்வாய்ப் போரின்போது, கனடா நாட்டின் லெஸ்டர் பியர்சன் தந்த யோசனையின்படி ஆயுதம் தாங்கிய முதல் அமைதிப்படை உருவாயிற்று. அதற்காக அவருக்கு 1957இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1988இல் அந்தப் பரிசு ஐ.நா. அமைதிப்படைகளுக்கே வழங்கப்பட்டது.

இந்தப் படைக்கு மூன்று நெறிகள் உண்டு. சண்டையிட்ட தரப்பினரின் சம்மதத்தோடு செல்ல வேண்டும். எந்தப் பக்கமும் சாயக் கூடாது. தற்காப்புக்கும், ஒப்படைத்த கடமையைக் காப்பதற்கும் அன்றி ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது. போர்வீரனுக்கு எதிரி உண்டு. அமைதி வீரனுக்கு எதிரி கிடையாது. எதிரி இல்லாத இடத்தில் குண்டடி படத் தயாராக நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1948 முதல் இன்று வரை 4,400க்கும் மேற்பட்டோர் இந்தப் பணியில் உயிர் நீத்திருக்கிறார்கள்.

சூயஸ் கற்பிக்கும் பாடம்

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்போருக்குச் சூயஸ் கால்வாயின் வரலாறு நல்ல விடை சொல்லும்.

1956 நவம்பரில் சென்ற அமைதிப்படை சினாய்ப் பாலைவனத்திலும் காசா எல்லையிலும் ஏறத்தாழ பத்தரை ஆண்டுகள் நின்றது. இந்தியப் படைப்பிரிவு அதில் தொடர்ந்து பணியாற்றியது. அதன் கடைசித் தளபதி இந்தர்ஜித் ரிக்யே என்ற இந்தியர். அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து ஆன செலவு ஏறத்தாழ 21 கோடி டாலர். 1967 மே மாதம் எகிப்து கேட்டுக்கொண்டதன் பேரில் படை விலகத் தொடங்கியது. ஜூன் முதல் வாரத்தில் போர் வெடித்தது. ஊருக்குத் திரும்பக் காத்திருந்த இந்திய வீரர்கள் சிலரும் காசாவில் மாண்டார்கள். சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. மறுபடியும் அது திறக்கப்பட்டது 1975 ஜூனில்! எட்டு ஆண்டுகள் ஆசியாவின் சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போயின. அந்த எட்டு ஆண்டுகளில் உலக வணிகம் இழந்ததோடு ஒப்பிட்டால் அந்த 21 கோடி டாலர் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2023 நவம்பர் முதல் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, நம் திருப்பூரிலிருந்து ஐரோப்பா செல்லும் பனியன் பெட்டிகளும் அதே தென்கோடியைச் சுற்றித்தான் போயின. கப்பல் கட்டணம் ஏறியது; சரக்கு போய்ச் சேரும் நாள் தள்ளிப்போனது. சரக்கு நின்றால் தையல் மிஷின் நிற்கும். தையல் நின்றால் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் வீட்டு அடுப்பு நிற்கும். செங்கடலுக்கும் நம் செந்தணலுக்கும் உள்ள உறவு இதுதான். போர் என்பது எங்கோ நடப்பது, அமைதி என்பது இங்கே இருப்பது என்று எல்லை பிரிக்க முடியாத காலத்தில் நாம் வாழ்கிறோம்.

பணம் தருவோரும் உயிர் தருவோரும்

அமைதிப்படைகளின் செலவை எல்லா உறுப்பு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. நாட்டின் வருமானத்தைப் பார்த்துப் பங்கு நிர்ணயிக்கிறார்கள். ஏழை நாடுகளுக்கு 90 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடியால் விழும் துண்டைப் பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்கள் ஏற்க வேண்டும். தடுப்பதிகாரம் என்னும் தனி உரிமையை அனுபவிப்பவர் தனிச் சுமையையும் ஏற்பதே நியாயம் என்பது இதன் தத்துவம்.

2025 முதல் 2027 வரையிலான பங்கீட்டில் அமெரிக்காவின் பங்கு 26 விழுக்காட்டுக்குச் சற்று மேல்; சீனாவின் பங்கு 24 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழ். இந்த இரு நாடுகளே பாதிச் செலவைத் தாங்க வேண்டியவை. 80 விழுக்காடு தள்ளுபடி பெறும் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 0.2 விழுக்காடுதான்.

உயிர்க் கணக்கைப் பார்த்தால் படம் தலைகீழாக மாறுகிறது. இன்று அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளின் முன்வரிசையில் நிற்பவை நேபாளம், ருவாண்டா, வங்கதேசம், இந்தியா ஆகியவை. இதுவரை 50க்கும் மேற்பட்ட பணிகளில் 2,90,000க்கும் அதிகமான இந்தியர் தொண்டாற்றியுள்ளனர். ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்திருக்கின்றனர். வேறெந்த நாடும் இத்தனை பேரை இழக்கவில்லை.

அவர்களுள் ஒருவர் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. காங்கோவில் எலிசபெத்வில் நகரில் 1961 டிசம்பர் 5ஆம் நாள் வீரமரணம் அடைந்தார். ஐ.நா. பணியில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. ஜெனரல் திம்மையா சைப்ரஸ் தீவில் அமைதிப்படைக்குத் தலைமை தாங்கியபடியே 1965 டிசம்பரில் மறைந்தார். 2013 ஏப்ரலில் தெற்கு சூடானில் ஒரு வாகன வரிசைக்குக் காவலாகச் சென்ற இந்திய வீரர்கள் ஐவர் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தனர். பெண்களும் இதில் பின்தங்கவில்லை. 2007இல் லைபீரியா நாட்டுக்குச் சென்ற இந்தியக் காவல் அணிதான் முழுவதும் பெண்களைக் கொண்டு ஐ.நா. அமைத்த முதல் அணி. 2016 வரை நம் பெண்கள் மாறி மாறி அங்கே காவல் காத்தனர். துப்பாக்கியேந்திய பெண் காவலரைத் தம் தெருவில் கண்ட லைபீரியப் பெண்கள் பலர் தாமும் காவல்துறையில் சேர முன்வந்தனர். என் போன்ற மாணவியருக்கு இது பெருமை தரும் செய்தி.

ஆக, ஒருசாரார் பணம் தருகிறார்கள். மற்றொரு சாரார் உயிர் தருகிறார்கள். சீனா ஓரளவு இரண்டும் தருகிறது. ஆனால் படை எங்கே போக வேண்டும், எதற்காகப் போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று முடிவு செய்யும் நிரந்தர நாற்காலிகளில் உயிர் தரும் ஏழை நாடுகளுக்கு இடமில்லை.

கூலிக்கு நெய்பவர் நிலை

இந்த ஏற்பாட்டை நம் பகுதிக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. சோமனூர், சாமளாபுரம், பல்லடம் வட்டாரங்களில் பெரும்பாலான விசைத்தறியாளர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடையும் ஜவுளி உற்பத்தியாளர் தருவார். தறி நம்முடையது; மின்கட்டணம் நம்முடையது; இரவு பகல் உழைப்பு நம்முடையது. என்ன ரகம் என்று தீர்மானிப்பவர் அவர். நெய்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. கூலி உயர்வு ஒப்பந்தம் போட்டாலும் அது நடைமுறைக்கு வருவது அடுத்த போராட்டத்துக்குப் பிறகுதான். 2025 மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு ஓடும் தறிகள் நிறுத்தப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே மீண்டும் ஓடின.

ஐ.நா. அமைதிப்படையிலும் இதே கதைதான். பாதுகாப்புச் சபை ரகத்தைத் தீர்மானிக்கிறது. நேபாளமும் இந்தியாவும் நெய்கின்றன. ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று ஐ.நா. அவருடைய அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். 2002 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தத் தொகையின் அடிப்படை விகிதம் 1,028 டாலரிலேயே நின்றது. படை அனுப்பும் நாடுகள் ஓயாது வற்புறுத்திய பிறகு 2014இல் 1,332 டாலராகவும், 2018இல் 1,428 டாலராகவும் உயர்ந்தது. உயர்ந்த கூலியாவது உரிய காலத்தில் வந்ததா? 2019 மார்ச் நிலவரப்படி ஐ.நா. இந்தியாவுக்கு வைத்த பாக்கி 3 கோடியே 80 லட்சம் டாலர். அன்றைய பட்டியலில் அதுவே பெரிய பாக்கி. அடுத்து நின்றவை ருவாண்டா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம். தம் மக்களுக்கே சோறு போடத் திணறும் நாடுகள், வல்லரசுகள் வைத்த பாக்கிக்காக உலகத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கின்றன!

பாக்கி வைத்தோர் வரலாறு

இந்த நோய் புதிதன்று. சூயஸ் படைக்கும், 1960இல் காங்கோவுக்குச் சென்ற படைக்கும் தம் பங்கைத் தர முடியாது என்று சோவியத் யூனியன் மறுத்தது. காங்கோ செலவை பிரான்சும் ஏற்க மறுத்தது. வழக்கு உலக நீதிமன்றத்தின் கருத்துக்குச் சென்றது. இவையும் ஐ.நா.வின் செலவுகளே என்று 1962 ஜூலை 20இல் நீதிபதிகள் 9க்கு 5 என்ற பெரும்பான்மையில் கருத்துரைத்தனர். இரண்டு ஆண்டுப் பங்குக்கு நிகரான பாக்கி வைத்த நாடு பொதுச் சபையில் வாக்குரிமையை இழக்கும் என்பது சாசனத்தின் 19ஆவது விதி. அந்த விதியை அமலாக்க வேண்டும் என்று உரக்கக் குரல் கொடுத்தது அமெரிக்கா.

நடந்தது என்ன? சோவியத் யூனியனின் வாக்கைப் பறிக்கவும் துணிவில்லை, விட்டுவிடவும் மனமில்லை. 1964இல் தொடங்கிய பொதுச் சபைக் கூட்டம் வாக்கெடுப்பையே பெரும்பாலும் தவிர்த்து ஒப்பேற்றப்பட்டது. வலியவன் பாக்கி வைத்தால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று உலகம் அன்று கற்றுக்கொண்டது.

காலச் சக்கரம் சுழன்றது. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம், அமைதிப்படைச் செலவில் 25 விழுக்காட்டுக்கு மேல் தர மாட்டோம் என்று தனக்குத் தானே சட்டம் இயற்றிக்கொண்டது. நிர்ணயித்த பங்குக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு ஆண்டுதோறும் பாக்கியாகச் சேர்ந்தது. சீனாவோ தன் பங்கைத் தந்தாலும் அண்மை ஆண்டுகளில் காலம் தாழ்த்தியே தருகிறது. இவை சேர்ந்து விளைவித்ததே 2025ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு. லெபனானில் 1978 முதல் இருந்துவரும் படையின் பணி 2026 டிசம்பர் 31இல் முடியும் என்று பாதுகாப்புச் சபை 2025 ஆகஸ்டில் தீர்மானித்ததையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே இது தாங்க முடியாத செலவா? 2024 ஜூலை முதல் ஓராண்டுக்கு அமைதிப்படைகளின் மொத்த வரவு செலவு ஏறத்தாழ 560 கோடி டாலர். 2024ஆம் ஆண்டில் உலக நாடுகள் இராணுவங்களுக்குச் செலவிட்டது, ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2,71,800 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள். போருக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கும் உலகம் அமைதிப்படைக்கு ஒதுக்குவது இரண்டு ரூபாய்! அந்த இரண்டு ரூபாயிலும் பாக்கி!

"அமைதிப்படை என்ன சாதித்தது?"

நண்பர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ எட்டு லட்சம் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டபோது அங்கே ஐ.நா. படை இருந்தது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில், ஐ.நா. "பாதுகாப்பான பகுதி" என்று அறிவித்த இடத்திலேயே எட்டாயிரம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். 2010இல் ஹெய்ட்டியில் பரவி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட காலராவுக்கு அமைதிப்படை முகாமின் கழிவுநீரே காரணமாயிற்று. அதில் தன் பங்கை ஒப்புக்கொள்ள ஐ.நா.வுக்கு 2016 வரை ஆயிற்று. காக்கப் போன சிலர் பெண்களையும் சிறுமியரையும் சீரழித்த கொடுமையும் உண்டு. இவற்றை மறைத்துவிட்டு அமைதிப்படையைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ருவாண்டாவில் கொலை தலைவிரித்தாடிய 1994 ஏப்ரல் 21ஆம் நாள் பாதுகாப்புச் சபை என்ன செய்தது தெரியுமா? ஏறத்தாழ 2,500 பேர் இருந்த படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. வீடு எரியும்போது தீயணைப்பு வண்டியைத் திருப்பி அழைத்துவிட்டு, "தீயணைப்புத் துறையால் என்ன பயன்?" என்று கேட்பது போன்றதல்லவா இது?

மறுபக்கமும் உண்டு. 1989-90இல் நமீபியா விடுதலை பெற்றதும், 1992 முதல் 1994 வரை மொசாம்பிக் உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டதும், சியரா லியோனும் லைபீரியாவும் மறுபடி எழுந்து நின்றதும் அமைதிப்படையின் துணையோடுதான். நமீபியாவில் அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் பிரேம் சந்த் என்ற இந்தியத் தளபதி. எரிந்த வீடு செய்தியாகிறது. எரியாமல் காக்கப்பட்ட வீடு செய்தியாவதில்லை.

ஈழத்தில் நாம் கண்டது

தமிழ் மண்ணில் "அமைதிப்படை" என்ற சொல்லைச் சொன்னாலே நெஞ்சில் முள் தைக்கும். ஆகவே இதைத் தொடாமல் போக முடியாது.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். இந்திய அமைதி காக்கும் படை இலங்கை சென்றது. மாலை போட்டு வரவேற்ற யாழ்ப்பாணத்தில், அக்டோபருக்குள் அந்தப் படையே விடுதலைப் புலிகளோடு போரிடத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டது அந்த அக்டோபரில்தான். தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நவம்பர் 25இல் அந்த மண்ணில் மடிந்து பரம் வீர் சக்கரம் பெற்றார். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டிருந்தனர். சென்னைக்குத் திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. இறந்த ஈழத் தமிழர்க்கும் நீதியில்லை; இறந்த வீரர்க்கும் வரவேற்பில்லை. இரு தரப்பிலும் தாய்மார்களே அழுதார்கள்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் இது ஐ.நா. படை இல்லை. முன்சொன்ன மூன்று நெறிகளை உரைகல்லாக வைத்துப் பார்ப்போம். ஒப்பந்தத்தில் புலிகள் கையெழுத்திடவில்லை. எனவே சம்மதம் பாதிதான். நடுநிலை சில வாரங்களில் போயிற்று. ஆயுதம் தற்காப்பைக் கடந்து போர்க்கருவியாயிற்று. அண்டை நாடு, தன் நலன் கலந்த நாடு, தன் பணத்திலேயே தனியாகச் சென்ற நாடு. கணக்குக் கேட்க மேலே ஓர் அமைப்பும் இல்லை. நடுவராகப் போனவர் ஆட்டக்காரரானால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

பிறகு 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபோது அதைக் கண்காணிக்க நார்வே முதலிய ஐந்து வடஐரோப்பிய நாடுகளின் குழு வந்தது. அவர்களிடம் ஆயுதமில்லை, அதிகாரமில்லை. 2008 ஜனவரியில் அவர்களும் வெளியேறினர். அந்த செப்டம்பரில் வன்னியிலிருந்து ஐ.நா. ஊழியர்களும் வெளியேறினர். பின்னர் நடந்ததை நாடறியும். இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதியது. தன் அமைப்பு கடமையில் தவறியது என்று ஐ.நா.வின் உள் ஆய்வுக் குழுவே 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது. அந்த மாதங்களில் பாதுகாப்புச் சபை இலங்கைப் பிரச்சினையைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவே இல்லை.

"அப்படியிருக்க, எங்களுக்கு வராத அமைதிப்படைக்கு நாங்கள் ஏன் வாதாட வேண்டும்?" என்று தமிழ் இளைஞர் கேட்டால் அது நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபம் நம்மை எங்கே கொண்டுசெல்ல வேண்டும்? நமக்கு மருத்துவர் வரவில்லை என்பதற்காக மருத்துவமனையை இடிக்கச் சொல்வோமா? யாருக்கும் வராமல் போகாதபடி மருத்துவமனையைச் சீராக்கச் சொல்வோமா? ஈழம் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்: ஒரு நாட்டின் விருப்பத்தை நம்பிய அமைதியும் நிலைக்காது, வல்லரசுகளின் தயவை நம்பிய அமைதியும் நிலைக்காது. எல்லோரும் பணம் தந்து, எல்லோருக்கும் பொதுவாக, எல்லோருக்கும் கணக்குச் சொல்லும் அமைப்பே நிலைக்கும்.

நம் ஊர்க் குளத்தைப் பாருங்கள். நொய்யல் தண்ணீரை வாங்கி நிற்கும் குளங்களில் சாமளாபுரம் குளமும் ஒன்று. முற்காலத்தில் ஊர்க் குளங்களுக்குக் குடிமராமத்து என்ற முறை இருந்தது. குளத்தால் பயன்பெறுவோர் எல்லோரும் கரையைச் செப்பனிட ஆள் அனுப்ப வேண்டும், அல்லது பங்கு தர வேண்டும். பெரிய பண்ணைக்காரர், "என் வயல் மேட்டில் இருக்கிறது, நான் தர மாட்டேன்" என்று நின்றுவிட்டால், கரை உடையும் நாளில் முதலில் மூழ்குவது பள்ளத்து ஏழையின் குடிசை. உலக அமைதியும் பொதுக்குளந்தான். அதன் கரையை அடைக்கும் பங்கை வலியவர் மறுக்கும்போது மூழ்குவது சூடானும் காங்கோவும் வன்னியும்தான்.

நம் வீட்டுக் கணக்கு

இந்தியா இதற்கு எவ்வளவு தருகிறது? 560 கோடி டாலரில் 0.2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்றால் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டாலர். நம் பணத்தில் நூறு கோடி ரூபாயைச் சுற்றி வரும். 140 கோடி மக்களுக்கும் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை; முக்கால் ரூபாய். ஏழை நாட்டுக்கு இந்தச் செலவு ஏன் என்று கேட்பவர்கள் இந்த முக்கால் ரூபாயை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம் வேண்டும் என்று இந்தியா கேட்கிறது. அது நியாயமான கோரிக்கை. அந்த இடம் கிடைத்தால் 80 விழுக்காடு தள்ளுபடி போய்விடும், மேல்சுமையும் சேரும். இன்றைய பங்கு ஐந்து மடங்குக்கும் மேலாகும். அப்போதும் தலைக்கு நான்கைந்து ரூபாய்தான். ஒரு டம்ளர் தேநீர் விலை ஆகாது. உரிமை கேட்பவர் சுமையைத் தூக்கவும் தோள் கொடுக்க வேண்டும். "தள்ளுபடியும் வேண்டும், தலைமையும் வேண்டும்" என்று இந்தியா கேட்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகளை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கிறேன்.

1. பாக்கிக்கு வட்டி வேண்டும். மின்கட்டணம் ஒரு நாள் தாமதமானாலும் ஏழை அபராதம் கட்டுகிறான். கோடிக்கணக்கில் பாக்கி வைக்கும் வல்லரசு வட்டியின்றித் தப்புகிறது. 19ஆவது விதி பெரிய நாட்டுக்கும் சிறிய நாட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2. உயிர் தருபவருக்கு முடிவில் பங்கு வேண்டும். படை அனுப்பும் நாட்டை அழைத்துக் கலந்து பேச வேண்டும் என்று சாசனத்தின் 44ஆவது விதி சொல்கிறது. அது அமைதிப்படைகளுக்கும் சடங்கின்றி நடைமுறையாக வேண்டும்.

3. வீரர்களுக்கான தொகை மாதந்தோறும் படை அனுப்பும் நாடுகளுக்குச் சேர வேண்டும். யார் பாக்கி வைத்தாலும் அந்தச் சுமை நேபாளத்தின் தலையிலும் ருவாண்டாவின் தலையிலும் விழக் கூடாது.

4. அமைதிப்படையினர் குற்றம் செய்தால் அவரவர் நாட்டில் ஒளிவுமறைவின்றி விசாரணை நடக்க வேண்டும். தண்டனை உலகுக்கு அறிவிக்கப்பட வேண்டும். இந்தியா இதில் முன்மாதிரியாக நிற்க வேண்டும்.

5. படுகொலை நடக்கும் வேளையில் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்துவதில்லை என்று ஐந்து நாடுகளும் உறுதி ஏற்க வேண்டும். மனித உயிர் தத்தளிக்கும்போது தனி உரிமை பேசுவது நாகரிகம் ஆகாது.

6. மாணவர்களாகிய நாம் அக்டோபர் 24ஆம் நாளையும், அமைதிப்படையினர் நாளாகிய மே 29ஐயும் வெறும் கோலப்போட்டியோடு முடித்துவிடாமல், இந்தக் கணக்குகளை எடுத்துப் பேச வேண்டும். தேசிய மாணவர் படையில் சீருடை அணியும் நம் நண்பர்களில் சிலர் நாளை நீல நிறத் தொப்பி அணிந்து அயல் மண்ணில் நிற்கக்கூடும். அவர்கள் எதற்காக, யாருடைய முடிவால் நிற்கிறார்கள் என்பதை அறிந்திருப்பது நம் கடமை.

என் வீட்டில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். உலக அரசியல் பெரியவர்கள் விஷயம், நமக்கு நம் பாடு போதும் என்று எங்கள் தெருவில் பலர் சொல்வார்கள். கல்வி எனக்குக் கற்றுத் தந்தது வேறு. கூலி யாருக்குப் போகிறது, சுமை யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி தறிப்பட்டறையில் எழுந்தாலும் பாதுகாப்புச் சபையில் எழுந்தாலும் ஒரே கேள்விதான். தறிப்பட்டறையில் அதைக் கேட்கத் தெரிந்த நம் மக்களுக்கு உலக மன்றத்திலும் கேட்கத் தெரியும். கேட்கும் சொற்களையும் கணக்குகளையும் அவர்களுக்குக் கொண்டுசேர்ப்பது படித்தவர் பொறுப்பு.

அமைதி இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கும் கூலி உண்டு. உரிய நாளில் பணமாகக் கொடுக்க மறுத்தால், பிறகு அதை உயிராகக் கொடுக்க நேரும். பணத்தைப் பாக்கி வைத்தவர்கள் அந்த உயிரைக் கொடுப்பதில்லை; ஏழைகளே கொடுக்கிறார்கள். இந்த அநியாயம் ஒழிய வேண்டும். அதற்கு உலக நாடுகள் தத்தம் பாக்கியைத் தீர்க்கட்டும்! வாழ்க மானிடம்! நிலைக்க உலக அமைதி!